மாறுதல் ஆணைக்கு முன் எழுத வேண்டிய இரண்டாம் கோப்பு

படைவீரர் குடும்பம் ஊர் மாறும்போது, உடன் செல்லும் குழந்தைக்குச் சிறப்பு மருத்துவத் தேவையோ சிறப்புக் கல்வித் தேவையோ இருக்கிறதா என்பதை எப்போது, எங்கே, எந்த மொழியில் கண்டறிய வேண்டும் என்ற வினாவே இவ்வுரையின் பொருள். சிறப்பு மருத்துவத் தேவை என்பது வலிப்பு, பிறவி இதயக் குறை, செவித்திறன் குறைவு, சிறுவயதுச் சர்க்கரை நோய் போல, வாடிக்கையான மருத்துவரும் தடையற்ற மருந்தும் வேண்டிய நிலைமையைக் குறிக்கும். சிறப்புக் கல்வித் தேவை என்பது ஆட்டிசம், டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, பேச்சுத் தாமதம் ஆகியவற்றால் வகுப்பறையில் தனிப்பட்ட ஏற்பாடு தேவைப்படும் நிலைமையாகும். ஒரே குழந்தைக்கு இரண்டும் இருக்கக்கூடும். அவ்வாறிருந்தும் கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், கயத்தாறு, விளாத்திகுளம் பகுதிக் கரிசல் ஊர்களிலிருந்து ரயிலேறும் தாயின் பையில் ஸ்கேன் படமும் மருந்துச் சீட்டும் இருக்கின்றனவே தவிர, குழந்தை எதைக் கற்றிருக்கிறது, எதில் தடுமாறுகிறது, எப்படிச் சொன்னால் புரிந்துகொள்கிறது என்று பள்ளி எழுதிக் கொடுத்த ஒரு தாள்கூட இருப்பதில்லை. மருத்துவக் கோப்புக்கு அடுத்ததான இந்த இரண்டாம் கோப்பு இல்லாமையே பின்வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

அமெரிக்கப் படைகளில் ‘விதிவிலக்கான குடும்ப உறுப்பினர் திட்டம்’ என்றொரு நடைமுறை உள்ளது. பணியிலிருக்கும் வீரர், தம் குடும்பத்தில் இத்தகைய தேவையுள்ளவர் இருந்தால் அதில் பதிவு செய்வது கட்டாயம். வெளிநாட்டு நிலையத்துக்குக் குடும்பத்தை அனுப்புமுன் அங்கே உரிய மருத்துவமும் பள்ளியும் உள்ளனவா என்று சரிபார்க்கப்படுகிறது. அத்திட்டத்தில் கவனிக்கத்தக்கது, படிவங்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதாகும்: ஒன்றை மருத்துவர் நிரப்புகிறார், மற்றொன்றைப் பள்ளி நிரப்புகிறது. இந்தியக் குடும்பங்கள் இதே வடிவத்தில் ஒரு திட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை; இங்கே அதன் கூறுகள் சிதறிக் கிடக்கின்றன, சேர்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு மட்டும் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

இந்திய வீரர்கள் ஐக்கிய நாடுகள் அமைதிப் படையில் அயல்நாடு செல்லும்போது குடும்பம் உடன் செல்வதில்லை. தூதரகங்களில் பாதுகாப்புப் பிரிவுப் பணிக்குச் செல்லும் சிலருடன் குடும்பம் செல்கிறது. கேந்திரிய வித்யாலயா அமைப்பு மாஸ்கோ, காத்மாண்டு, தெஹ்ரான் ஆகிய மூன்று அயல்நாட்டு நகரங்களில் மட்டுமே பள்ளி நடத்துகிறது என்பதால், பிற நாடுகளுக்குச் செல்வோர் அங்குள்ள பள்ளியின் சிறப்புக் கல்வி விதிகளைப் பயணச்சீட்டுக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஆயினும் கரிசல் பகுதிக் குடும்பங்களில் மிகப் பலவற்றுக்கு மாறுதல் என்பது ஜலந்தருக்கோ ஜோத்பூருக்கோ குவாஹாட்டிக்கோ செல்வதாகும்; பேச்சு, சாப்பாடு, பள்ளி வாரியம், பருவநிலை எல்லாம் ஒரே வாரத்தில் மாறிவிடும் நான்கு வயதுக் குழந்தைக்கு அதுவும் அயல்நாடே. ஆகவே இவ்வுரை அவர்களை மனத்திற்கொண்டே தொடர்கிறது.

வட மாநிலக் கன்டோன்மென்டில், அதாவது படைக் குடியிருப்புப் பகுதியில், ஆசிரியர் இந்தியில் கேட்கும் கேள்விக்குத் தமிழ்க் குழந்தை வாய் திறவாமல் இருந்தால் அதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். மொழி தெரியாமை ஒன்று. செவித்திறன் குறைவோ பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மௌனமாகத் தெரிவதால், குறைபாடு உள்ள குழந்தையை ‘இந்தி வந்துவிட்டால் சரியாகும்’ என்று இரண்டாண்டு காத்திருக்க வைப்பதும், குறைபாடே இல்லாத குழந்தையை ‘மந்தம்’ என்று ஒதுக்குவதும் ஒருசேர நிகழ்கின்றன. இம்மயக்கத்தைத் தீர்க்கும் வழி ஒன்றே: குழந்தை தமிழில் எவ்வளவு பேசுகிறது, எவ்வளவு புரிந்துகொள்கிறது என்பதைத் தமிழ் அறிந்தவர் புறப்படுமுன் சோதித்து எழுதித் தர வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளத்துக்கு வட மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் தலைகீழாக நேரக்கூடும் என்பதால், இதை இந்தி மீதான குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

சோதனை எங்கே செய்யப்படும் என்ற வினா அடுத்து எழும். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பரிசோதிக்கின்றன. ஐயத்துக்குரிய குழந்தைகள் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது வளர்ச்சிக் குறைகளை இளம் வயதிலேயே கண்டு பயிற்சி தொடங்கும் மையத்துக்கு, அனுப்பப்படுகின்றனர். கணவர் எல்லையில் இருக்க, தாய் வீட்டிலேயே தங்கிப் பிரசவம் பார்த்துக்கொள்ளும் கரிசல் வழக்கம் இவ்வகையில் ஒரு வாய்ப்பாகும். குழந்தை சொந்த மொழியின் நடுவே, பாட்டி தாத்தா கண்ணெதிரே இருக்கும் காலம் அதுதான். அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணம் முடிக்கும் உறவுமுறைத் திருமணங்கள் இப்பகுதியில் இன்னும் வழக்கில் உள்ளன. அத்தகைய குடும்பங்களில் பிறவிச் செவித்திறன் குறைவுக்கான வாய்ப்பு கூடுதலாதலால், பிறந்த குழந்தைக்குச் செவிச் சோதனை செய்யப்பட வேண்டும். அதில் ஐயம் தோன்றினால், ஒலி கேட்கும்போது செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலைகளை அளக்கும் ‘பெரா’ சோதனையை ஒத்திப்போடுதல் கூடாது. காக்ளியர் இம்ப்ளான்ட் எனப்படும் செவிக்குள் பொருத்தும் கருவியைத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அளிக்கிறது. எனினும் கருவி பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. அதன் அளவுகளைக் குழந்தையின் கேட்குந்திறனுக்கேற்ப அவ்வப்போது திருத்தும் ‘மேப்பிங்’ பணியும் பேச்சுப் பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியவை. அக்கருவிக்கான வல்லுநர் இல்லாத நிலையத்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்வது, செய்த அறுவைச் சிகிச்சையைப் பாதி வீணாக்குவதற்கு ஒப்பாகும்.

பள்ளி செல்லும் வயதினருக்கு, ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் பணிபுரியும் சிறப்பாசிரியரே முதற்படி. மாற்றுச் சான்றிதழ் வாங்கச் செல்லும் பெற்றோர் அதை மட்டும் கையெழுத்திட்டு வாங்கித் திரும்பிவிடுகின்றனர். வகுப்பாசிரியரும் சிறப்பாசிரியரும் சேர்ந்து எழுதிய, குழந்தைக்கான தனிப்பட்ட கல்வித் திட்டம், இதுவரை அளிக்கப்பட்ட பயிற்சிகளின் குறிப்பு, ஓரிரு விடைத்தாள்கள், கையெழுத்து மாதிரி ஆகியவற்றையும் கேட்டு வாங்கி, ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் இணைப்பது அரைநாள் வேலையே. இந்த அரைநாளைச் செலவிடாதவர்கள் புதிய ஊரில் ஓராண்டைச் செலவிடுகிறார்கள் என்பதை எத்தனை முறை கூறினாலும் தகும்.

பள்ளித் தாள்களில் அடங்காத குழந்தையின் சைகைகளும் உண்டு; இதற்குப் பொருந்தும் ஒரு செய்தி பாஞ்சாலங்குறிச்சியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801-இல் தப்பிவந்து, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்ட அவர் தம்பி ஊமைத்துரையைப் பற்றி, எதிர்த்தரப்பில் போரிட்ட ஆங்கிலேய அதிகாரியான ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் வியப்போடு எழுதியிருக்கிறார். அவரைக் கேளாத, பேசாத ஒருவராகவே வெல்ஷ் குறிக்கிறார். பிற்காலத்தவர் சிலர் திக்குவாய் என்பர். துரும்புகளை இடது உள்ளங்கையில் அடுக்கி அவற்றை ஆங்கிலப் படையாகக் காட்டி, வாயால் ஓர் ஒலியெழுப்பி மறு கையால் அவற்றை வாரித் தள்ளினால், அதுவே தாக்குதலுக்கான குறிப்பென்று அவருடைய ஆட்கள் அறிந்திருந்தார்களாம். ஒரு படையையே நடத்தப் போதுமானதாக இருந்த அந்தச் சைகைமொழி, அவரைச் சுற்றியிருந்தவர்கள் அதைக் கற்றிருந்தமையால்தான் பயன்பட்டது. இன்றைய கரிசல் வீட்டில் பேச்சு வராத குழந்தை காதைப் பிடித்தால் பசி, முந்தானையை இழுத்தால் வெளியே போக வேண்டும் என்று பாட்டிக்குத் தெரியும். ஜலந்தர்ப் பள்ளி ஆயாவுக்குத் தெரியாது. ஆகவே இரண்டாம் கோப்பில் இச்சைகைகளின் பட்டியலும், எந்த ஓசைக்குக் குழந்தை மிரளும், எதைத் தந்தால் அமைதியாகும் என்ற குறிப்பும் இடம்பெற வேண்டும். மருத்துவர் எவராலும் எழுதித்தர முடியாத பக்கம் இது ஒன்றே.

படைவீரர் குடும்பங்களின் ஐயங்களுள் அடிக்கடி எழுவது, குழந்தையின் குறைபாட்டைப் படை ஆவணத்தில் பதிந்தால் தந்தையின் பதவி உயர்வு கெடுமா என்பதாகும். வீரரின் மருத்துவத் தகுதியை மதிப்பிடும் ‘ஷேப்’ முறை அவருடைய உடலையும் மனத்தையும் பற்றியது. குழந்தையின் நிலைமை அதில் கணக்கிடப்படுவதில்லை. மாறாக, ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும் பணி ஆவணப் பதிவில் குழந்தையின் பெயரும் விவரமும் சரியாக ஏறாவிட்டால், சம்பாதித்துப் பிழைக்க இயலாத மாற்றுத்திறன் பிள்ளைக்குப் பெற்றோர் காலத்துக்குப் பின் வாழ்நாள் முழுதும் கிடைக்க வேண்டிய குடும்ப ஓய்வூதியம் பிற்காலத்தில் இழுபறியாகிவிடும். குழந்தைக் கல்விப்படியும் மாற்றுத்திறன் குழந்தைக்கு இருமடங்கு.

மற்றோர் ஐயம், பதிந்தால் மூத்த பெண்ணின் திருமணம் தடைப்படுமே என்பது. இதற்கு இவ்வுரையில் விடையில்லை. ஒரு குழந்தையின் சிகிச்சையை மற்றொரு குழந்தையின் வரன் பேச்சுக்குப் பணயம் வைக்கும் வழக்கத்தோடு வாதிடுவது வீண். ‘அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்’ என்ற சமாதானத்துக்கு மட்டும் விடையுண்டு: ஒரு வயதில் ஒரு சொல், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்ந்த தொடர் வராவிட்டால், அப்பா எப்போது பேசியிருந்தாலும் சோதனை செய்துவிட வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்து, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியது. அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் பெற்று, நாடு முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டையைச் சொந்த மாவட்டமான தூத்துக்குடியிலேயே வாங்கிவிடுவது அறிவுடைமை. புதிய மாநிலத்தில் முகவரிச் சான்றுக்கு அலையும் வேளையில் இதைத் தொடங்குவது வீண் சுமை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு 60 நிமிடம் கூடுதல் நேரம், எழுதுவதற்கு உதவியாளர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்கும் சான்றிதழே அடிப்படை. தமிழ்நாட்டுப் பள்ளியில் பெற்ற சலுகை புதிய வாரியத்துக்குத் தானாகப் பின்தொடர்ந்து வராது; மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

குழந்தையின் சிகிச்சை வசதியைக் காரணமாகக் காட்டி இடம் கோரும் விண்ணப்பத்தை வீரர் தம் படைப்பிரிவின் வழியே அளிக்கலாம். கிடைத்தே தீரும் என்ற உறுதி எதுவும் இல்லை, எனினும் சான்றுகள் முழுமையாக உள்ள விண்ணப்பத்துக்கே மதிப்பு. கோரும் இடம் பொருத்தமானதாகவும் இருக்க வேண்டும். செகந்திராபாத்தில் அறிவுத்திறன் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனமும், டேராடூனில் பார்வைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. இரண்டும் பெரிய படை நகரங்களே. 1966-இல் தரைப்படை மனைவியர் நலச் சங்கம் என்ற பெயரில் தோன்றிய அமைப்பு டெல்லி, பெங்களூரு, செகந்திராபாத் உள்ளிட்ட நிலையங்களில் ‘ஆஷா’ என்னும் சிறப்புப் பள்ளிகளை நடத்துகிறது. கடற்படைக் குடும்பங்களுக்கு ‘சங்கல்ப்’ உண்டு. செவித்திறன், பேச்சு சார்ந்த குறைகளுக்கு 1965-இல் தொடங்கப்பட்ட மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம் கோவில்பட்டியிலிருந்து எட்டக்கூடிய தொலைவிலேயே இருப்பதால், புறப்படுமுன் ஒருமுறை அங்கு முழுச் சோதனை செய்துகொள்வது நன்று. பல துறைக் குறைகள் சேர்ந்திருந்தால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பன்முகக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் பொருத்தமானது.

மருந்தைப் பற்றிச் சில சொற்களே போதும். வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். வலிப்பு மருந்து ஒரு நாளும் நிற்கக்கூடாதாகையால், புதிய இடத்தின் ராணுவ மருத்துவமனையில் பதிவு முடியும் வரைக்குமான இருப்பு கையில் இருக்க வேண்டும். இன்சுலினைக் கோடைக்கால ரயிலில் குளிர்ப்பையில் கொண்டுசெல்வதும், உறையவிடாமல் காப்பதும் அவசியம். இதயக் குறையுள்ள குழந்தையை லே போன்ற, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள ஊருக்கு அழைத்துச் செல்லுமுன் இதய மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

குடும்பத்தை அழைத்துச் செல்லாமலே இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வீரர் குடும்பத்தோடு வாழ இயலாத களப்பகுதிக்குச் செல்லும்போது, பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கெனச் சில நிலையங்களில் ஒதுக்கப்படும் குடியிருப்பைக் கோரலாம். அல்லது பயிற்சி நன்றாக நடந்துவரும் குழந்தையோடு தாய் கோவில்பட்டியிலேயே தங்கலாம். எதுவாயினும், தந்தை தொலைவில் இருக்கும் காலத்தில் ராணுவ மருத்துவமனையின் வாசலில் நிற்பவர் தாயே என்பதால், அவருடைய பெயரிலும் குழந்தையின் பெயரிலும் சார்ந்தோர் அட்டை வாங்கியிருத்தல், வங்கிக் கணக்கைத் தனியே இயக்கும் உரிமை பெற்றிருத்தல், இரண்டு கோப்புகளின் நகலையும் தாயின் கைப்பேசியில் ஏற்றிவைத்தல் ஆகியவற்றை விடுப்பு முடியுமுன் வீரரே செய்து முடிக்க வேண்டும். விடுப்பின் கடைசி நாளுக்கு இவற்றை ஒத்திவைத்தால் அன்று பெரும்பாலும் வங்கி விடுமுறையாக இருக்கும்.