கண்ணுக்குள் ஒரு சுவிட்ச்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இஞ்சினீயருக்குக் கண்ணைப் பற்றி என்ன பேச்சு என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. உள்ளே இருப்பது ஒரு சுவிட்ச்தானே! அதைப் பிரித்துப் பார்க்க எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

மங்கிய வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தருவது ரோடாப்சின் என்ற புரதம். 348 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. விழித்திரையின் கோல் செல்களில், சவ்வுக்குக் குறுக்கே ஏழு சுருள்களாக மேலும் கீழும் போய் வருகிறது. நடுக்குழியில், 296-ஆவது இடத்து லைசினில், ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு மாட்டியிருக்கிறது. இருட்டில் அது வளைந்திருக்கும். ஓர் ஒளித்துகள் பட்டால் நிமிர்ந்துவிடும். எவ்வளவு நேரத்தில்? ஒரு விநாடியை ஐந்து லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் ஏறக்குறைய அதில் ஒரு பங்கு!

நிமிர்ந்தது சும்மா இருக்குமா? குழியை நெம்புகிறது. எந்தச் சுருள் அசைகிறது என்பதுதான் கேள்வி. இங்கேதான் நம் ஹர் கோவிந்த் கொரானா வருகிறார். மரபுக்குறியீட்டு ஆராய்ச்சிக்காக 1968-இல் நோபல் வாங்கியவர், அதோடு ஓய்ந்துவிடாமல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இந்தப் புரதத்தின் பக்கம் திரும்பினார். 1996-இல் அவர் குழுவும் ஹப்பெல் குழுவும் சேர்ந்து, மூன்றாம் சுருளிலும் ஆறாம் சுருளிலும் காந்த அடையாளம் ஒட்டி இடைவெளியை அளந்தார்கள். வெளிச்சம் பட்டதும் ஆறாவது சுருள் வெளிப்பக்கம் விலகியது. சரி, அந்த அசைவுதான் காரணம் என்று எப்படி நிச்சயம்? இரண்டு சுருளையும் கந்தகப் பிணைப்பால் கட்டிப் போட்டார்கள். வெளிச்சம் விழுந்தும், அடுத்து வேலை செய்யவேண்டிய டிரான்ஸ்டியூசின் முடுக்கப்படவில்லை. இதை இஞ்சினீயர் புத்தி என்று நான் சொந்தம் கொண்டாடுவேன். விலங்கியல் துறையினர் மன்னிக்கணும். மாட்டுக் கண்ணின் ரோடாப்சினை வைத்து முழு முப்பரிமாணப் படம் வந்ததே அதற்குப் பிறகு, 2000-த்தில்தான்.

டிரான்ஸ்டியூசின் முடுக்கப்பட்டால் சங்கிலியாய் வேலை நடந்து, இருட்டில் செல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் குறைகிறது. நம்ம வீட்டு சுவிட்சுக்கு நேர் எதிர்! நிமிர்ந்த ரெட்டினால் கழன்று, மறுபடி வளைந்து வந்து மாட்டணும். கடம்பூர் ஸ்டேஷன் வெளிச்சத்தில் போளி வாங்கிக்கொண்டு கரிசல் காட்டு இருட்டில் இறங்கினால் கண் முழுதாகப் பழக அரைமணி ஆவது இதனால்தான்.

இந்த ரெட்டினாலுக்கு மூலப்பொருள் வைட்டமின் ஏ. உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வரணும். முருங்கைக்கீரையில் அதற்கான கரோட்டின் இருக்கிறது. துளி எண்ணெய் விட்டு வதக்கினால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். குறைந்தால் முதலில் மாலைக்கண். அதையும் கவனிக்காமல் விட்டால் கருவிழி உலர்ந்து, புண்ணாகி, பிள்ளைக்கு நிரந்தரமாகப் பார்வை போகும்.

எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரையில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சத்துணவு மையம் நடத்தியவர். 1976-இல் பதினொரு படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பின்னாளில் அந்த மருத்துவமனையினர் திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சின்னப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே போனது. 1990-இல் வெளியான முடிவு இது. கண்ணுக்கென்று தேடியது உயிரைக் காப்பாற்றியிருக்கிறது! அம்மை, வயிற்றுப்போக்கு வந்தால் எதிர்த்து நிற்கவும் அதே வைட்டமின் வேண்டியிருக்கிறது.

எனக்குத் தந்த நேரம் முடிந்தது. தம்பி தங்கைகள் கேள்வி கேட்கலாம். வேதியியல் கேள்வி என்றால் முன்வரிசையில் நம் ஐயா உட்கார்ந்திருக்கிறார்.