துக்க வீட்டு நெஞ்சுவலி
(விம்கோ நகர் குழுக் கூட்டத்தில் பேசியது)

சாவு வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அம்மாவை "அழுத களைப்பு, சோடா குடுங்க" என்று விட்டுவிடுகிறோம். திடீர் துக்கம், பயத்தால் இதயத்தின் இடது கீழறை உப்பி, சரியாகச் சுருங்காமல் போகலாம். 1990-ல் ஜப்பான் டாக்டர்கள் இதற்கு 'டகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். கழுத்து குறுகி அடி உப்பிய, பேய்க்கணவாய் பிடிக்கும் பானையாம். நம்ம மீனவ அக்காமாருக்குச் சட்டென்று புரியும்! பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிலக்கு நின்றவர்கள்.

வலி, மூச்சுத்திணறல், ஏன், இ.சி.ஜி.கூட மாரடைப்பு போலவே இருக்கும். அடைப்பு இல்லை என்பது ஆஞ்சியோவில்தான் தெரியும். வீட்டில் தீர்மானிக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் சில நாட்கள்தான் ஆபத்து. நர்ஸம்மா கேட்டால் சண்டையோ, கடனோ, அன்று நடந்ததைச் சொல்லுங்க. மானம் போகுமென்று இதைத்தான் நாம் மறைக்கிறோம்.