சருகோடு சருகாய் ஒரு சிலம்பன்



மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் விடுமுறை நாளில் போரிவலிக்கு ரயிலேறிச் சென்று, கன்ஹேரிக் குகைகளைக் கண்டு திரும்புவதுண்டு. அக்குகைகளுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் உள்ள காட்டில், தவிட்டுக்குருவிக்கு உறவான ஒரு சிறு பறவை வாழ்கிறது. புள்ளிச் சிலம்பன் என்பது அதன் பெயர். ஊர்க்குருவியின் அளவே இருக்கும். மரத்தில் இரை தேடுவது அரிது. புதரடியில் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும்.

முதலில் எட்டுவது குரல்தான். மூன்று சுரங்களில் ஒரு சீழ்க்கை. நிமிடக் கணக்கில் அலுப்பின்றி ஒலிக்கும். எங்களுள் ஒருவருக்கு அது, "எங்கேடா, எங்கேடா" என்று கேட்கிறதாம்! குரல் வந்த புதரை நாடிச் சென்றால் குரல் நின்றுவிடும். ஆதலால், செல்லாமல் அமர்ந்திருப்பதே வழி. கால் மணி நேரம் அசையாதிருந்தால் சருகு புரளும் ஓசை கேட்கும். பழுப்பு முதுகு, வெண்ணிறத் தொண்டை, மார்பில் கரும்பழுப்புக் கீற்றுகள், கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம் ஆகியவற்றைக் காணலாம். உச்சந்தலையோ செங்கல் நிறம். 1832-இல் ஸ்வெயின்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இட்ட லத்தீன் பெயரும் 'செந்தலை' என்றே பொருள்படும்.

அத்தலையை நோக்காமல் நாங்கள் ஏமாந்தோம். ஒரு பனிக்காலக் காலையில், மார்பில் கீற்றுகளோடு பாதையோரம் நடந்த குருவியைச் சிலம்பன் என்று குறிப்பேட்டில் எழுதினோம். மறு ஆண்டும் அவ்வாறே எழுதினோம். மூன்றாம் முறை அது வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடந்தது; எங்களைக் கண்டதும் மரக்கிளைக்குப் பறந்தது. சிலம்பனாயின் புதருக்குள் அல்லவா ஓடியிருக்கும்! வடக்கிலிருந்து பனிக்காலத்தில் வரும் நெட்டைக்காலி அது. முந்தைய இரு பதிவுகளையும் அடித்தோம், மனம் வரவில்லைதான்.

மழை தொடங்கியதும் சிலம்பன் தரையிலேயே கூடு கட்டும். உலர்ந்த இலைகளாலும் புல்லாலும் ஆன உருண்டை, பக்கத்தில் வாயில். பார்வைக்குச் சருகுக் குவியலே. ஓர் ஆனி மாதத்தில், நன்றாகப் பார்த்துவிடும் ஆவலில் நாங்கள் பாதையை விட்டு இறங்கினோம். முன்னால் சென்றவரின் காலடியிலிருந்து பறவை விருட்டென வெளியேறியது. அவருடைய செருப்பு நுனிக்கும் கூட்டுக்கும் இடையே நான்கு விரற்கடை. உள்ளே முட்டைகள் இருந்தன. வந்த சுவட்டிலேயே கால் வைத்துத் திரும்பினோம். அன்று எவரும் அதிகம் பேசவில்லை.

அதன்பின் மழைக்காலத்தில் நாங்கள் பாதையை விட்டு இறங்குவதில்லை. கண்ட பறவைகளின் பட்டியல் குறைந்திருக்கிறது. ஊருக்குச் செல்லும்போது ஆனைமலைச் சரிவிலும் நீலகிரிச் சரிவிலும் அதே சீழ்க்கையைக் கேட்கிறோம். நின்று கேட்டுவிட்டு நடக்கிறோம்.