பனியில் பிறந்த தெய்வங்கள்



செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்னும் நான்கு நாள்களையும் நாம் வானத்துக் கோள்களின் பெயரால் வழங்குகிறோம். பண்டை உரோமானியரும் அவ்வாறே வழங்கினர். அவர்களுக்கு அக்கோள்கள் தெய்வங்களின் பெயரையும் தாங்கி நின்றன. செவ்வாய் போர்த் தெய்வத்தின் நாள். வியாழன் இடியைப் படைக்கலமாகக் கொண்ட வானவர் தலைவனின் நாள். இம்முறை ஐரோப்பாவின் வடபகுதிக்குப் பரவியபோது, அங்கு வாழ்ந்த மக்கள் உரோமானியத் தெய்வங்களை விலக்கி, அவர்களுக்கு ஒப்பான தம் தெய்வங்களை அவ்விடங்களில் அமர்த்தினர். செவ்வாய்க்கு டைர், புதனுக்கு ஓடின், வியாழனுக்குத் தோர், வெள்ளிக்கு ஃபிரிக் என்னும் தேவி. ஆங்கிலேயரின் முன்னோர் இப்பெயர்களைச் சிறிது வேறுபடுத்தி டிவ், வோடன், துனோர், ஃபிரிக் என்று ஒலித்தனர். டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே, பிரைடே என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம், வழிபாடு ஒழிந்துபோன நான்கு தெய்வங்களை அறியாமலே பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்.

வழிபாடு ஒழிந்தும் அவர்களுடைய கதை ஒழியவில்லை. அக்கதை யாது? அஃது எவ்வாறு தப்பிப் பிழைத்தது? பிற மக்களின் பழங்கதைகளை நாம் எத்தகைய மனப்பான்மையோடு பயில வேண்டும்? இவற்றை இன்று சிறிது சிந்திப்போம்.

நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளே இக்கதைகளின் தாயகம். நீண்ட குளிர்காலமும் குறுகிய கோடையும் உடைய நாடுகள் அவை. அம்மக்கள் உலகத்தின் தோற்றத்தை எவ்வாறு கண்டனர் என்று பாருங்கள்.

முதலில் இருந்தது ஒரு பெரும் வெற்றிடம். அதன் வடபால் பனியும் இருளும் செறிந்த நிஃபில்ஹைம். தென்பால் தீயே வடிவான முஸ்பெல். வடக்கிலிருந்து பாய்ந்த ஆறுகள் வெற்றிடத்தில் உறைந்து பனிப்பாறைகளாகக் குவிந்தன. தெற்கின் வெம்மை அப்பனியைத் தீண்டியது. உருகிய துளிகளில் உயிர் தோன்றியது. அவ்வுயிரே யிமிர் என்னும் பேரரக்கன். அதே பனியிலிருந்து ஒரு பசுவும் தோன்றியது. அதன் மடியிலிருந்து பெருகிய பால் ஆறுகள் அவனை வளர்த்தன. பசுவோ உவர்ப்புள்ள பனிக்கட்டிகளை நக்கியே உயிர் வாழ்ந்தது. அது நக்க நக்க, முதல் நாள் மாலையில் பனியினின்றும் தலைமயிர் வெளிப்பட்டது. இரண்டாம் நாள் தலை வெளிப்பட்டது. மூன்றாம் நாள் முழு உருவமும் எழுந்து நின்றது. அவனே தெய்வ குலத்தின் முதல்வன். அவனுடைய பேரர் மூவர். அவருள் மூத்தவனே ஓடின்.

அம்மூவரும் யிமிரைக் கொன்றனர். அவன் உடலே உலகமாயிற்று. தசை மண்ணாயிற்று, குருதி கடலாயிற்று, எலும்புகள் மலைகளாயின, மண்டையோடு வானமாயிற்று, மூளை மேகங்களாயிற்று. முஸ்பெல்லிலிருந்து பறந்த தீப்பொறிகள் விண்மீன்களாயின. பின்னர், கடற்கரையில் கிடந்த இரு மரங்களைக் கண்டு, ஒருவன் உயிரும், மற்றொருவன் அறிவும், மூன்றாமவன் முகமும் பேச்சும் புலன்களும் அளிக்க, முதல் ஆணும் முதல் பெண்ணும் தோன்றினர்.

இக்கதையில் ஒன்று கருதத்தக்கது. இவ்வுலகம் ஒரு கொலையினால் பிறந்தது. யிமிரின் குருதிப் பெருக்கில் அரக்கர் யாவரும் மூழ்கி மாண்டனர். ஒருவன் மட்டும் தன் மனைவியோடு தப்பினான். அவன் வழிவந்தோர் தெய்வங்களுக்குத் தீராப் பகைவராயினர். ஆகவே, படைப்பின் முதல் நாளிலேயே அழிவின் வித்தும் ஊன்றப்பட்டுவிட்டது.

பிற நாடுகளையும் ஒருமுறை நோக்குவோம். ஆண்டுதோறும் நைல் ஆற்றின் வெள்ளம் வடிய, மேடுகள் தலைகாட்டுவதைக் கண்டவர் பண்டை எகிப்தியர். ஆதி வெள்ளத்தினின்றும் ஒரு மேடு எழுந்தது என்றே அவர்கள் படைப்பைக் கூறினர். பாபிலோனியர், நன்னீரும் உவர்நீரும் கலந்த நிலையைத் தொடக்கமாகக் கொண்டனர்; மார்தூக் என்னும் தெய்வம் தியாமத் என்னும் கடலரக்கியைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்கியது என்பது அவர்கள் கதை. சீனத்தில் பாங்கு என்னும் ஆதி மனிதன் இறந்தபோது, அவன் மூச்சு காற்றாகவும், குரல் இடியாகவும், கண்கள் ஞாயிறும் திங்களுமாகவும் ஆயின என்பர். நம் நாட்டு இருக்கு வேதத்தின் புருட சூக்தமும், வேள்வியில் பலியான ஆதி புருடனின் உடலிலிருந்து உலகம் தோன்றியதைப் பாடுகிறது.

இவ்வொற்றுமை எதனால் வந்தது? வடமொழியும் வடஐரோப்பிய மொழிகளும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. யிமிர் என்னும் பெயரும் யமன் என்னும் பெயரும் ‘இரட்டைப் பிறவி’ என்னும் பொருளுடைய ஒரே பழஞ்சொல்லின் வழிவந்தவை என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். ஆனால் சீன மொழி அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அங்கும் இதே எண்ணம் எவ்வாறு முளைத்தது? கதைகள் வணிகரோடும் துறவிகளோடும் பயணம் செய்திருக்கலாம். அல்லது, உடலையே மிக நெருக்கமாக அறிந்த மனிதன் உலகத்தையும் ஓர் உடலாகவே கண்டிருக்கலாம். ஒற்றுமை கண்டவுடன், ‘எம்மிடமிருந்தே பிறர் கொண்டனர்’ என்று முடிவு கட்டுதல் ஆராய்ச்சி ஆகாது. ஒற்றுமை ஒரு வினா, அதுவே விடையன்று.

இனி, வடபுலத் தெய்வங்களின் இயல்பைக் காண்போம். அவர்கள் எல்லாம் வல்லவர் அல்லர். எதையும் விலை கொடுத்தே பெறுகின்றனர். அறிவூற்றின் நீரை ஒரு மிடறு பருகுவதற்காக ஓடின் தன் கண் ஒன்றைக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமைக்கு உரிய டைர் கொடுத்த விலை இன்னும் பெரிது.

ஃபென்ரிர் என்னும் ஓநாய் தெய்வங்களின் நடுவே வளர்ந்து வந்தது. அதற்கு அருகில் சென்று உணவளிக்கத் துணிந்தவன் டைர் ஒருவனே. அதனால் தமக்கு அழிவு நேரும் என்று அறிந்த தெய்வங்கள் அதைக் கட்டிவிட எண்ணினர். இருமுறை பெருஞ்சங்கிலிகளால் பிணித்தனர். இரண்டையும் அது அறுத்தெறிந்தது. பின்னர்க் குறளர் என்னும் கைவினைஞர் ஒரு மெல்லிய கயிற்றைச் செய்து தந்தனர். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் தசைநார், மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறு பொருள்களால் ஆனது அக்கயிறு. பட்டு நூல் போன்ற அதைக் கண்டு ஓநாய் ஐயுற்றது. “இதில் வஞ்சனை இல்லையெனில், உங்களில் ஒருவர் தம் கையை என் வாயில் ஈடாக வையுங்கள்” என்றது. தெய்வங்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். டைர் முன்வந்து தன் வலக்கையை அதன் வாயில் வைத்தான். கயிறு இறுகியது, ஓநாய் திமிறத் திமிற மேலும் இறுகியது. கட்டு நிலைத்தது, டைரின் கை போயிற்று.

இதனைச் சிறுவர் கதை என்று தள்ளிவிடலாமா? ஓநாயை உள்ளபடியே வஞ்சித்தனர். அவ்வஞ்சனையால் உலகம் சிறிது காலம் பிழைத்தது. ஆயினும், வாக்குப் பொய்த்தால் யாரேனும் ஒருவர் அதற்கு விலை கொடுத்தே தீர வேண்டும் என்பதைக் கதை மறைக்கவில்லை. அவ்விலையைக் கொடுத்தவன், ஓநாயிடம் அன்பு காட்டிய ஒருவனே.

இறுதியில் அழிவு வருகிறது. இடையே கோடையே இல்லாமல் மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து வரும் என்கிறது கதை. 536ஆம் ஆண்டில் ஒரு பெரும் எரிமலை வெடிப்பால் ஞாயிற்றின் ஒளி மங்கி, வடஐரோப்பாவில் கடுங்குளிரும் பஞ்சமும் வந்தன. அந்நினைவே இக்கதையில் உறைந்துள்ளது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். ஓநாய் கட்டறுத்து வந்து ஓடினை விழுங்கும். உலகைச் சுற்றிக் கிடக்கும் பெரும்பாம்பைத் தோர் கொல்வான்; அதன் நஞ்சால் ஒன்பது அடி நடந்து வீழ்வான். தீ உலகை எரிக்கும். நிலம் கடலில் அமிழும். இவை யாவும் ஓடினுக்கு முன்பே தெரியும். தோல்வி உறுதி என்று தெரிந்தும் அவன் போருக்கு அணிவகுக்கிறான். வெற்றி கிடைக்கும் என்பதற்காக மட்டும் கடமையைச் செய்வோர்க்கு இக்கதை ஒரு பாடம். பின்னர் நிலம் மீண்டும் பசுமையாக எழும். மரத்தினுள் ஒளிந்து பிழைத்த இருவரால் மனித இனம் தழைக்கும்.

இக்கதைகள் நமக்குக் கிடைத்த வரலாறும் சுவையானதே. 870ஆம் ஆண்டையொட்டி நார்வேயிலிருந்து மக்கள் சென்று ஐஸ்லாந்தில் குடியேறினர். 1000ஆம் ஆண்டையொட்டி அவர்களுடைய பொதுமன்றம் கிறித்தவ சமயத்தை ஏற்க முடிவு செய்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்தபின், 1220ஆம் ஆண்டையொட்டி, ஸ்னோரி ஸ்டுர்லூசன் என்னும் அறிஞர் ‘எட்டா’ என்னும் உரைநடை நூலை எழுதினார். அவர் 1179இல் பிறந்தவர், கிறித்தவர், சட்டம் உரைக்கும் உயர்பதவியை இருமுறை வகித்தவர். தாம் நம்பாத தெய்வங்களின் கதையை அவர் ஏன் எழுதினார்?

இளங்கவிஞர்களுக்காக எழுதினார். அந்நாட்டுப் பழம்பாடல்களில் பொன்னைச் ‘சிஃபின் கூந்தல்’ என்றும், வானத்தை ‘யிமிரின் மண்டை’ என்றும் சொல்வது மரபு. சிஃப் என்பவள் தோரின் மனைவி. அவள் கூந்தலை ஒருவன் வஞ்சகமாக அரிந்துவிட, குறளர் பொன்னால் கூந்தல் செய்து கொடுத்தனர். இக்கதையை அறியாதவனுக்கு அப்பாடல் வெறும் ஒலியே. கதை மறைந்தால் கவிதையும் மறையும். கவிதை மறைந்தால் முன்னோர் பேசிய மொழியின் ஒரு பகுதி ஊமையாகிவிடும். ஆதலால், பழந்தெய்வங்களை நம்பவும் வேண்டா, அக்கதைகளைப் பொய்யென்று தள்ளி மறக்கவும் வேண்டா என்னும் கருத்துப்பட அவர் இளைஞர்க்கு அறிவுறுத்தினார். அவருடைய முடிவு துயரமானது. நார்வே மன்னரின் பகையால் 1241இல் தம் வீட்டு நிலவறையிலேயே அவர் கொல்லப்பட்டார். நூல் நிலைத்தது.

ஸ்னோரிக்கு ஆதாரமாயிருந்த பழம்பாடல்கள் பல 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு தோல் சுவடியில் உள்ளன. அதில் இன்று 45 ஏடுகளே எஞ்சியுள்ளன. 1643இல் அஃது ஓர் ஐஸ்லாந்துப் பேராயரின் கைக்கு வந்தது. 1662இல் டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1971 ஏப்ரல் 21ஆம் நாள் அது கப்பலில் தாயகம் திரும்பியபோது, ரெய்க்யவிக் துறைமுகத்தில் பெருந்திரளான மக்கள் காத்து நின்றனர். அவர்கள் ஓடினை வணங்குவோர் அல்லர். ஒரு சுவடியை வரவேற்கவே திரண்டனர்.

இதே கதைகளை வேறு வகையாகக் கையாண்டோரும் உளர். 1933 முதல் 1945 வரை ஜெர்மனியை ஆண்ட நாசிகள், வடபுலத்துப் பழைய எழுத்துக் குறிகளைத் தம் படையினரின் சட்டையில் பொறித்தனர். பழங்கதைகளை இன ஆணவத்திற்குக் கொடியாக்கினர். மற்ற இனத்தாரை இழித்துப் பேசுவதற்காகத் தம் பழமையை எடுத்தவர்கள் அப்பழமைக்கும் இழிவையே தேடித் தந்தனர்.

மாணவர்களே, பழங்கதையை அறிவியல் நூலாகப் படித்தால் அது நகைப்புக்கிடமாகும். குலப்பெருமைக்குச் சான்றாகப் படித்தால் அது நஞ்சாகும். ஸ்னோரி காட்டியது வேறு வழி. தாம் நம்பாத ஒன்றையும் மதிப்போடு கேட்டு, பிழையின்றி எழுதி, பின்வருவோர் கையில் ஒப்படைத்தார் அவர். உங்கள் நூலகத்தில் எகிப்தியர் கதையோ, சீனர் கதையோ, பசிபிக் தீவினர் கதையோ கிடைக்குமாயின் எடுத்துப் படியுங்கள். அம்மக்கள் எத்தகைய நிலத்தில் வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், எதை உயர்ந்ததென மதித்தனர், அக்கதையை ஏட்டில் எழுதியவர் யார் என்று வினவுங்கள். பிறர் முன்னோரை மதித்துக் கேட்கப் பழகிய செவிக்கே, தன் முன்னோர் சொல்வதும் தெளிவாகக் கேட்கும்.