கல்வியும் கடலும்

(வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எலுவன்குளம் காட்டுக்கும் கடலுக்கும் இடையிலே கிடக்கும் ஊர். வடக்கே வில்பத்துக் காடு. மேற்கே, கண்டல் மரங்கள் சூழக் கலா ஓயா புத்தளக் களப்பிலே கலக்கின்றது. களப்புக்கு அப்பால் கற்பிட்டி. அங்கே இன்று ஒரு புதுத் தொழில் வளர்ந்திருக்கின்றது. பவளப்பாறையைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளுக்குக் காற்றுச் சிலிண்டரும் மூச்சுக் கருவியும் கொடுத்து, கடலடிக்கு அழைத்துச் செல்லும் சுழியோட்டக் கடைகளே அவை. கல்லூரியிற் படித்துக்கொண்டே அத்தகைய கடையில் வேலை செய்து, நாமும் சுழியோடப் பழகலாமா என்று எமது வாலிபர் கேட்கின்றனர். படிப்புக் கெடும், உயிருக்கும் மோசம் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். இரு சாராரும் கூடியிருக்கும் இச்சபையிலே இதுபற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

கடலில் மூழ்குவது எமது கரைக்குப் புதிதன்று. இங்கிருந்து வில்பத்தினூடாக வடக்கே செல்லும் பாதை மறிச்சுக்கட்டிக்குப் போகின்றது. 1906ஆம் ஆண்டிலே அங்கு நடந்த முத்துக்குளிப்பில், பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ப் இளம் உத்தியோகத்தராகக் கடமை பார்த்தார். அக்காலச் சுழியோடிகள் கல்லின் பாரத்தால் இறங்கினர். அடக்கிய மூச்சே அவர்களுக்கு முதல். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையிலேதான் கொடுப்பார்கள் என்பது நம்மவர் மத்தியில் வழங்கும் பேச்சு. தங்கையின் தாலியைக் காக்க வேண்டியவன் அல்லவா அவன்? ஆகவே, கயிறு பிடிப்பவனில்லாமற் கடலில் இறங்காதே என்பதே நம் முன்னோர் கண்ட முதற்பாடம்.

1943ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தவரான கூஸ்தோ, கன்யான் என்னும் இருவர் நீருக்குள்ளே மூச்சுவிடும் கருவியை ஆக்கினர். அதன் பின்னர் மூச்சை அடக்க வேண்டிய தேவை ஒழிந்தது. வேறோர் ஆபத்து வந்தது. சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்று பலர் எண்ணுகின்றனர். வழக்கமாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே, அமுக்கி அடைக்கப்பட்டது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் நம்மீது மேலும் ஒரு வளிமண்டல அமுக்கம் ஏறுகின்றது. 30 மீற்றரிலே அமுக்கம் மேற்பரப்பிலுள்ளதைப்போல நான்கு மடங்கு. அந்த அமுக்கத்திலே காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகின்றது. அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளே குமிழிகள் கிளம்பும். மூட்டுவலி, கால் வழங்காமை, சிலவேளை மரணம் என்பன அதன் விளைவு.

இது வெறும் பயமுறுத்தலன்று. இலங்கையின் வடக்கு, வடமேற்குக் கரைகளிலே முறையான பயிற்சியின்றி, சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டருடன் இறங்கிய வாலிபர்கள் இவ்வாறு முடமாகியிருக்கின்றனர். அவர்களுக்குத் தைரியம் குறைவா? இல்லை. நீச்சல் தெரியாதா? நன்றாகத் தெரியும். எத்தனை நிமிடம், எத்தனை ஆழம், எவ்வளவு மெதுவாக ஏறுவது என்னும் கணக்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாரில்லை. சொன்னாலும், இறங்குந்தோறும் கிடைக்கும் கூலி அதை மறக்கச் செய்தது. ஆழமறியாமற் காலை விடாதே என்ற பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மையாகின்றது.

ஆகவே வாலிபர்களே, வகுப்பும் கடலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பௌதிகவியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் போயிலின் விதியும் ஹென்றியின் விதியுமே கடலடியில் உங்கள் உயிரைக் காக்கும் கயிறு. கடைவேலையும் ஒரு பள்ளிக்கூடமே. கருவிகளை நன்னீரிற் கழுவுவதும், வாயிறுக்க வளையங்களைச் சோதிப்பதும், காற்றமுக்கி இயந்திரம் தன் புகையையே உள்ளிழுக்காதபடி வைப்பதும் அற்ப வேலைகளென்று நினையாதீர்கள். சிலிண்டருக்குள் புகை புகுந்தால், கீழே மூச்சுவிடுபவன் நஞ்சையே சுவாசிப்பான்.

எழுத்து, தொழில், கடல் ஆகிய மூன்றையும் சேர்த்து நடத்தியவர் ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். 1956ஆம் ஆண்டிலே இலங்கையிற் குடியேறிய ஆதர் சி. கிளார்க் நூல்கள் எழுதினார்; சுழியோட்டக் கம்பனியொன்றையும் நடத்தினார்; தாமும் மூழ்கினார். போர்த்துக்கேயர் இடித்தழித்த திருக்கோணேசர் கோயிலின் சிதைவுகளை, அவரும் அவர் தோழர் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலடியிற் கண்டனர். கடலை ஆராய்ந்து, குறித்து, நூலாக்கிய படியாலன்றோ அவர் கண்டது உலகுக்குத் தெரிந்தது?

ஆயினும் மூன்றையும் சுமப்பவனுக்கு அளவு வேண்டும். அந்த அளவைக் கடலே ஓரளவு வகுத்துத் தருகின்றது. கற்பிட்டிக் கடல் நொவெம்பர் முதல் ஏப்ரல் வரையிலேதான் சுழியோட்டத்துக்கு இசையும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே கொந்தளிக்கும். கொந்தளிக்கும் மாதங்கள் நூலகத்துக்கு உரியவை. பருவ மாதங்களிலே விடுமுறை நாட்களை மாத்திரம் கடைக்குக் கொடுங்கள். மழைக்காலத்தில் கலா ஓயா பெருகிச் சப்பாத்துப் பாலத்தை மூடினால், வேலையை இழந்தாலும் வீட்டில் நில்லுங்கள். பரீட்சைக்காக இரவெல்லாம் கண்விழித்து, விடியற்காலையிலே மூழ்கப் போகாதீர்கள். தூக்கமின்மை தவறான தீர்மானத்துக்குத் தாய். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறுதல், 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்தல், அடுத்த முறை இறங்குமுன் போதிய நேரம் கரையில் ஓய்தல் என்பன சுழியோடியின் நியமங்கள். ஓய்வு வீண்பொழுதன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் வேறுண்டோ?

இன்னொன்றும் உண்டு. நீருக்குள்ளே பெருவிரலை உயர்த்தினால் மேலே போவோம் என்பது பொருள். கூட வந்தவர் எவர் அதைக் காட்டினாலும், காரணம் கேளாமல் யாவரும் ஏற வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இப்பிரதேசத்திலே அச்சைகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. பணமோ, முதலாளியின் வார்த்தையோ, வீரமோ அதற்கு எதிர் நிற்கலாகாது.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையை மறித்தால் அவன் மறைவாகப் போவான். மறைவாகப் போகிறவனுக்குக் கயிறு பிடிக்க ஆளில்லை. மறிப்பதை விடுத்து விசாரியுங்கள். பயிற்றுவிப்பவரிடம் அத்தாட்சிப் பத்திரம் உண்டா? படகிலே முதலுதவிக்கு ஒட்சிசன் உண்டா? பிள்ளை மூழ்கிய ஆழத்தையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுகின்றானா? இம்மூன்றுக்கும் ஆமென்ற விடை கிடைத்தால் ஆசி கூறி அனுப்புங்கள். கிடையாவிடின் அக்கடைப் படியையே மிதிக்க வேண்டாமென்று சொல்லுங்கள்.

முத்துக்குளித்த காலத்திலே கயிறு மைத்துனன் கையில் இருந்தது. இன்று அது ஆசிரியர் கையிலும், தோழன் கையிலும், பெற்றோராகிய உங்கள் கையிலும் இருக்கின்றது. அதை நழுவவிடாது பிடிப்போமாக.