பெயரை மட்டும் மறைத்தால் போதாது

பட்டம் பெறும் இளம் நண்பர்களே, பத்திரிகை டெஸ்க்கிலேயே காலம் தள்ளியவனுக்கு நீட்டி வாழ்த்த வராது. நன்றாக இருங்கள்.

உங்களில் பலர் இதழியல் படித்தவர்கள். அதனால் ஒரே விஷயம் பேசுகிறேன்: பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையைப் பற்றி நாம் எப்படிச் செய்தி எழுதுகிறோம்?

நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் மாவட்ட நிருபர் ஒருவரின் செய்திக் காப்பி வந்தது. சிறுமியின் பெயரை அவர் எழுதவில்லை. ஆனால் ஊர் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தெரு இருந்தது. அப்பா தையல்காரர், பெண் ஏழாம் வகுப்பு என்பதும் இருந்தது. செய்தி ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்தார். தெரு போனது, தையல் போனது, வகுப்பு போனது, கடைசியில் ஊரும் போய் மாவட்டம் மட்டும் மிஞ்சியது. "சார், செய்தியே இல்லாமப் போச்சே" என்றேன். "வெளியூர்க்காரனுக்குத்தான்யா இது செய்தி. அந்த ஊர் டீக்கடையில படிக்கிறவனுக்கு விலாசம்" என்றார்.

அவர் சொன்னது போன்ற டீக்கடை எனக்குப் பழக்கம்தான். படிக்கும் காலத்தில் விடுதிக்கு வரும் ஒரே பத்திரிகையை சீனியர்கள் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் கடன் டீயோடு டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் படிப்போம். இப்படி ஒரு செய்தி வந்தால் எந்த வீடு என்று கண்டுபிடிக்காமல் பெரியவர்கள் பெஞ்சை விட்டு எழ மாட்டார்கள்.

அந்தச் செய்தி ஆசிரியர் அன்று தானாகச் செய்தது இன்று சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜம்முவின் கதுவாவில் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட சிறுமியின் அடையாளத்தை 2018இல் வெளியிட்ட ஊடகங்களைத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம்.

நாம் திருத்திக்கொள்ள வேண்டிய இன்னொன்று, 'காமக் கொடூரன்' என்ற தலைப்பு. படிப்பவர் எங்கிருந்தோ வந்த அரக்கனைக் கற்பனை செய்துகொள்கிறார். மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதம் பேர் ஏதோ ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். அரக்கனுக்குப் பயந்து கதவைச் சாத்தும் பெற்றோர், வீட்டுக்குள் வந்து போகிற மாமாவைக் கவனிப்பதில்லை. அந்தக் கவனக்குறைவில் நம் தலைப்புகளுக்கும் பங்குண்டு.

குற்றம் சாட்டப்பட்டவர் கைதானால் செய்தி முதல் பக்கம்; அதோடு சரி. விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது அதே போக்சோ சட்டம். முடிந்ததா என்று கோர்ட்டுக்குப் போய்க் கேட்கும் நிருபர் எத்தனை பேர்?

நீங்கள் போய்க் கேளுங்கள். செய்தியின் கடைசியில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் போடுங்கள். காப்பியை அனுப்புமுன் அந்த ஊர்க்காரராக ஒருமுறை படித்துப் பாருங்கள். குழந்தை யாரென்று தெரிகிறதா? தெரிந்தால் தயங்காமல் வெட்டுங்கள்.