ஏரியைத் தூர் வாருமுன்

(பொன்னேரியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பொன்னேரி என்னும் பெயரிலேயே ஏரி இருக்கிறது. ஆரணியாறும் ஏரி குளங்களும் இவ்வட்டாரத்து நெற்பயிருக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரியைத் தூர் வார வேண்டுமென்று நீங்கள் கோரும்போதெல்லாம் நாமும் மகிழ்ச்சியோடு மதிப்பீடு தயாரிக்கிறோம். ஆயினும், அவ்வேலையில் நாம் இதுகாறும் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சென்ற கோடையில் ஓர் ஏரியில் நடந்த வேலையைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பொக்லைன் இயந்திரம் அள்ளிக் கொட்டிய வண்டலில் ஓடு உடைந்த ஆமைகள் கிடந்தன. அருகிலிருந்த முதிய விவசாயி ஒருவர், "தண்ணீர் வற்றினால் இவை சேற்றுக்குள்தானே ஐயா இருக்கும்?" என்றார். அவருக்குத் தெரிந்திருந்த அச்செய்தி நாம் தயாரித்த மதிப்பீட்டில் ஒரு வரியாகவும் இடம்பெறவில்லை. அக்குறை நம்முடையதே.

அவை பால் ஆமைகள். ஏறத்தாழ ஓர் அடி நீளம் வரை வளரும் நன்னீர் ஆமை இது. இதன் ஓட்டின்மேல் மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். வயிற்றுப்புறத்தில் பின்னங்கால்களை மூடிக்கொள்ள மடிப்புகள் போன்ற இரு தசைக் கதவுகள் உண்டு. தவளை, நத்தை, மீன், நீர்ச்செடி ஆகியவற்றைத் தின்னும். செத்து மிதப்பனவற்றையும் தின்று நீரைத் தூய்மையாக்கும். கூலி கேளாத தோட்டி என்றே இதனைச் சொல்லலாம்.

கோடையில் நீர் வற்றியதும் இது வேறிடம் தேடிச் செல்லும். அல்லது சேற்றினுள் புதைந்து, உணவின்றி மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மழை பெய்து ஏரி நிறைந்தவுடன் வெளிவரும். கரையோர மண்ணில் குழி தோண்டி, ஒரு தடவைக்கு 2 முதல் 16 வரை முட்டைகள் இடும். அம்முட்டைகளும் பல மாதங்கள் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஆகவே, நாம் வெற்றுத்தரை என்று எண்ணித் தோண்டும் கோடைகாலத்து ஏரியில் ஆமை சேற்றிலும் அதன் சந்ததி கரையிலும் இருக்கக்கூடும்.

இறைச்சிக்காகவும், மருந்தாகும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கையாலும் இவற்றைப் பெருமளவில் பிடித்துவருகிறார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடிய இனங்களுள் ஒன்றாக இதனைச் சேர்த்துள்ளது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இடம்பெற்றிருக்கிறது. புலியும் யானையும் இருப்பது அதே அட்டவணையில்தான். இதனைப் பிடிப்பவருக்கும் விற்பவருக்கும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று நம்மவர் சொல்வதுண்டு. குளம் வற்றியதால் நீர் தேடி வரும் பிராணி, வழியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அதனால் அவ்வீட்டுக்கு என்ன கேடு வந்துவிடும்? அதனை அடிப்பதும் வேண்டாம். பிடித்து வைத்துக்கொள்வதும் வேண்டாம். வனத்துறைக்குத் தெரிவித்தால் போதும்.

தூர் வாருவதை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஏரி நிறைந்தால்தான் ஆமைக்கும் வாழ்வு. வேலை செய்யும் முறையை மட்டும் சற்று மாற்றிக்கொள்வோம்.

முதலாவது, வேலை தொடங்குமுன் வனத்துறைக்கு எழுதி, அவர்களுடைய ஆலோசனையைப் பெறுங்கள். இரண்டாவது, ஏரி முழுவதையும் ஒரே மூச்சில் வாராமல் பகுதி பகுதியாக வாருங்கள். ஈரம் காயாத பள்ளங்களைத் தொடாமல் விடுங்கள். மூன்றாவது, இயந்திரத்துக்கு முன்னே சேற்றைப் பார்த்துச் செல்ல, இடமறிந்த உள்ளூர் ஆள் ஒருவரை அமர்த்துங்கள். ஆமை தென்பட்டால் வேலையை நிறுத்தி, வனத்துறையினர் சொல்லும் வண்ணம் நீருள்ள இடத்தில் சேருங்கள். நான்காவது, கரை நெடுகக் கல் பதிக்காமல், ஒரு பகுதியையேனும் மண்சரிவாக விட்டுவையுங்கள். ஐந்தாவது, பூச்சிமருந்து தெளித்த கருவிகளை ஏரியிலும் வரத்துக் கால்வாயிலும் கழுவாதீர்கள். அது மீனுக்கும் கேடு, உங்கள் மாட்டுக்கும் கேடு.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. கோடை வேலைகள் தொடங்குமுன் இதற்கென ஒரு தீர்மானம் நிறைவேற்ற அதுவே ஏற்ற தருணம். இனி நாம் தயாரிக்கும் மதிப்பீட்டில் அந்த ஒரு வரி இருக்கும். அதனை ஏரிக்கரையில் நடைமுறைக்குக் கொண்டுவருவது உங்கள் கையில் இருக்கிறது. செய்வீர்கள் என்று நம்புகிறோம்.